கமாடிட்டி ஃபண்ட்: பண்டத் தொகுப்பு நிதி

மும்பைத் தமிழர்களிடையே முதலீட்டுப் பேச்சு எழும்போது 'கமாடிட்டி' என்ற சொல் அப்படியே புழங்குகிறது. தங்கம், கச்சா எண்ணெய், தாமிரம், பருத்தி என, யார் விளைவித்தாலும் யார் தோண்டி எடுத்தாலும் தரம் ஒன்றாயின் ஒரே விலைக்குக் கைமாறும் பொருள்களை அது குறிக்கும். இலத்தீனில் 'கொம்மோதுஸ்' என்றால் அளவோடு பொருந்தியது, வசதியானது. அதன் வழிவந்த சொல் பிரெஞ்சு மூலமாக ஆங்கிலத்தை அடைந்து, வசதி என்பதிலிருந்து வசதி தரும் பொருளுக்கும், பின்னர் விற்பனைப் பொருளுக்கும் பெயராயிற்று.

தமிழில் சரக்கு, விளைபொருள், பண்டம் ஆகிய மூன்றும் இதற்கு எழுதப்படுகின்றன. நவி மும்பையின் வாசி மொத்தச் சந்தையில் சரக்கு என்றால் லாரியிலிருந்து இறங்கிய மூட்டை. அது ஒரு வியாபாரியின் இருப்பு. விளைபொருள் என்றால் உலோகமும் எண்ணெயும் விடுபட்டுவிடும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்தவற்றை 'அளந்தறியாப் பல பண்டம்' என்கிறது. பண்டமாற்றும் பண்டகசாலையும் இன்றும் வழக்கில் உள்ளன. எனவே பண்டமே ஏற்ற சொல் என்பது என் துணிபு. எதிர்கால விலைக்கு இன்றே பேசி முடிக்கும் வணிகத்துக்கு 'முன்பேர வணிகம்' என்று நாளிதழ்கள் ஏற்கெனவே நல்ல பெயர் வைத்துள்ளன.

பல பண்டங்களின் விலையைப் பின்தொடரும் நிதியே பண்டத் தொகுப்பு நிதி. தங்கத்தை மட்டும் வைத்திருப்பது தொகுப்பு ஆகாது. பல பண்டங்களின் விலைப் போக்கை ஒரே எண்ணாகக் காட்டும் புளூம்பெர்க் பண்டக் குறியீட்டில், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று ஆண்டுதோறும் எடை வகுக்கும்போது எந்த ஒரு பண்டமும் 15 விழுக்காட்டையும், எரிபொருள், தானியம் போன்ற எந்த ஒரு வகையும் 33 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. 2022இல் விலைவாசி உயர்ந்து, அமெரிக்காவில் பங்குகளும் கடன்பத்திரங்களும் சேர்ந்தே வீழ்ந்தபோது இக்குறியீடு ஏறியது. முதலீட்டைப் பரவலாக்க விரும்புவோர் பண்டத் தொகுப்பு நிதியை நாடுவது அதனால்தான்.

ஆனால் நம் நாட்டில் கமாடிட்டி என்ற பெயர் தாங்கி விற்கப்படும் பரஸ்பர நிதிகளின் மாதாந்தர இருப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தால், எஃகு, சிமெண்ட், எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளே வரிசையாக நிற்கும். பங்குச் சந்தை சரிந்தால் இவையும் பெரும்பாலும் சேர்ந்தே சரியும் என்பதால், இவற்றைப் பண்டத்துறைப் பங்கு நிதி என்று அழைப்பதே நேர்மை.

உண்மையான பண்டத் தொகுப்பு நிதியும் பெரும்பாலும் மூட்டைகளையோ பீப்பாய்களையோ வாங்கி வைப்பதில்லை. முன்பேர ஒப்பந்தங்களை வாங்கி, முதிர்வுக்கு முன் அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறுகிறது. அடுத்த மாத விலை கூடுதலாக இருந்தால், பண்டத்தின் சந்தை விலை அசையாமல் நின்றாலும் நிதியின் மதிப்பு சிறுகச் சிறுகக் கரையும். 2020 ஏப்ரலில், அமெரிக்காவில் எண்ணெயைத் தேக்கி வைக்க இடமின்றி விலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோது, மும்பையின் எம்சிஎக்ஸ் முன்பேரச் சந்தை அம்மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தைப் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தது; அதாவது அதை வாங்கி வைத்திருந்தவர் போட்ட பணத்தை இழந்ததோடு மேலும் கொடுக்க நேர்ந்தது. ஆகவே, ஒரு நிதி எந்தெந்தப் பண்டங்களை வைத்திருக்கிறது என்பதோடு, எந்த மாத ஒப்பந்தத்தை வைத்திருக்கிறது, எப்போது மாறுகிறது என்பதையும் அதன் திட்ட ஆவணத்தில் பார்க்க வேண்டும்.