முக்கோணக் குறி சொல்லாத விஷயம்

காலி டப்பாவைக் கவிழ்த்தால் அடியில் ஒரு முக்கோணம், அதற்குள் ஓர் எண். அதைக் கண்டதும் கை தானாக மறுசுழற்சித் தொட்டிப் பக்கம் போய்விடுகிறது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த குறி அது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET), 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். பிளாஸ்டிக் எந்த வகை என்பதோடு அதன் வேலை முடிந்தது. உங்கள் ஊரில் அதை எடுத்துக்கொள்வார்களா என்பது அதில் இல்லை. ஒன்றையொன்று துரத்தும் அம்புகளை 2013இல் தரவிதியிலிருந்து எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் ஆக்கினார்கள். பழைய அச்சுகள் ஓடும்வரை அம்புகளும் ஓடும்.

உங்கள் தொட்டி போய்ச் சேரும் ஆலையில் என்ன எந்திரம் இருக்கிறது, பிரித்ததை வாங்க ஆள் உண்டா, இந்த இரண்டை வைத்துத்தான் உள்ளூர் விதி எழுதப்படுகிறது.

கறுப்பு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். கன்வேயரில் ஓடும் பொருள்மேல் எந்திரம் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து பிளாஸ்டிக்கின் வகையை அறிகிறது. கறுப்புக்காகச் சேர்த்த கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடும். திரும்பி வர ஒன்றுமில்லை என்றால் எந்திரத்தைப் பொறுத்தவரை அங்கே டப்பாவே இல்லை; நேராகக் குப்பைக்குப் போகும். அதே பிளாஸ்டிக் வெள்ளை நிறத்தில் வந்தால் பிரிந்துவிடும்.

பாட்டில் மூடி விஷயத்தில் ஓர் ஊரில் ‘கழற்று’ என்பார்கள், அடுத்த ஊரில் ‘மாட்டியே போடு’ என்பார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. மூடியோடு இறுகிய பாட்டிலுக்குள் காற்று அடைபட்டால் அழுத்திக் கட்டும்போது நசுங்காது. மூடி துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கும். தனியாகப் போட்ட மூடியோ சல்லடை இடுக்கில் விழுந்து கண்ணாடித் துகளோடு கலந்துவிடும். சுமார் 5 செ.மீ.க்குச் சிறிய எதற்கும் பல ஆலைகளில் இதே கதிதான். மாட்டி அனுப்பச் சொல்லும் ஊரில் பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பிறகு இரண்டையும் பிரிப்பது தண்ணீரின் வேலை. வீட்டிலேயே பார்க்கலாம்: மூடியிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் நகத்தளவு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். தண்ணீரின் அடர்த்தி 1. மூடி மிதக்கும், அதன் அடர்த்தி 1க்குக் கீழே. பெட் சுமார் 1.38, மூழ்கும்.

3ஆம் எண் பிளாஸ்டிக்கான பிவிசியும் மூழ்கும் என்பதுதான் தலைவலி. தண்ணீரால் பெட்டையும் அதையும் பிரிக்க முடியாது. பெட்டை உருக்க 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதற்கு முன்பே பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட சங்கிலிகளை அறுத்து, நிறத்தையும் கெடுக்கும். 3 என்ற எண்ணைப் பல ஊர்கள் தொடவே மறுப்பது வீம்புக்கு அல்ல.

பளபளக்கும் உறையைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசக்கியபடியே நின்றால் அலுமினியத் தாள். விரிந்து எழுந்தால் உலோகம் பூசிய பிளாஸ்டிக், பெரும்பாலான ஊர்களில் குப்பை. காகிதக் கோப்பையை ஓரிரு மணி நேரம் ஊறவைத்து உரித்தால் மெல்லிய பிளாஸ்டிக் படலம் தோலாக வரும். அதைக் காகிதத்தோடு போடலாமா என்பதைக் காகித ஆலைதான் முடிவுசெய்யும். பானப் பெட்டியிலும் முக்கால் பங்கு அட்டை. மீதி பாலிஎதிலீனும் அலுமினியமும். தண்ணீரில் கடைந்து நாரைப் பிரித்தெடுக்கும் ஆலை எட்டும் தூரத்தில் இருந்தால் வாங்குவார்கள். சூட்டில் உடையாத கண்ணாடிப் பாத்திரம் பாட்டில் தொட்டிக்கு ஆகாது. உலையில் பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் அது உருகாமல் கட்டியாய் நிற்கும்.

விதியைத் தேடும்போது முதலில் ‘ஏற்காதவை’ பட்டியலைப் படியுங்கள். அதில்தான் விவரம் இருக்கும். பக்கத்தில் உள்ள தேதியையும் பாருங்கள், ஆலை ஒப்பந்தம் மாறினால் விதி மாறும். கேட்க நேர்ந்தால் ‘பிளாஸ்டிக் எடுப்பீர்களா’ என்று கேட்காதீர்கள், ‘ஆமாம்’ என்ற பதில்தான் வரும். ‘5ஆம் எண், கறுப்பு, தட்டு வடிவம், உள்ளங்கை அளவு’ என்று பொருள், நிறம், வடிவம், அளவு நான்கையும் சொல்லிக் கேளுங்கள். பொட்டலத்தில் ‘மறுசுழற்சிக்கு உகந்தது’ என்று அச்சடித்திருப்பது எங்கோ ஓர் ஆலையில் முடியும் என்பதற்கு மட்டுமே சான்று.

பதில் கிடைக்காத பொருளை ஐயத்தோடு மறுசுழற்சித் தொட்டியில் போடுவதைவிடக் குப்பையில் போடுவதே மேல். ஒரு பிளாஸ்டிக் பை உருளைகளில் சுற்றிக்கொண்டால் எந்திரத்தை நிறுத்தி ஆள் இறங்கி வெட்ட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு மட்டும் குப்பையில் போடும் இந்தச் சலுகை கிடையாது. அமுக்கும் வண்டியில் நசுங்கினால் உள்ளே மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கும், அது எந்தத் தொட்டியிலிருந்து வந்திருந்தாலும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வைத்து, பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுங்கள்.