அழுத்தப்படாத பொத்தான்

வாசகி ஒருவர் எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசையில் இருக்கிறது. கடைத்தெருவில் யாரோ கைநீட்டியபடி உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால், தன் கால்கள் தாமாகவே எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகின்றன என்கிறார். கவனிக்காமல் அருகில் போய்விட்ட நாட்களிலோ பத்து ரூபாயாவது போடாமல் கடந்ததே இல்லையாம். "மனமில்லை என்றால் அருகில் போனாலும் நான் கொடுக்கக் கூடாது. மனமிருக்கிறது என்றால் எதற்காகத் தெருவைக் கடக்கிறேன்? நான் நல்லவளா, நடிக்கிறேனா?" என்று கேட்டிருக்கிறார்.

பொருளியல் ஆய்வுக்கூடங்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றிச்சுற்றி வரும் கேள்விக்கு மிக அருகில் அவர் வந்து நிற்கிறார். விடை தரும் சோதனை ஒன்று உண்டு. நான் படித்த சமூக அறிவியல் சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அது. அதற்கு வருமுன் பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1982-ல் ஜெர்மனியில் வெர்னர் கூத் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆட்டத்தை வடிவமைத்தார்கள். ஒருவரிடம் பணம் தரப்படும். முன்பின் தெரியாத மற்றொருவருக்கு அதில் எவ்வளவு என்று அவர் ஒரு பங்கைச் சொல்ல வேண்டும். மற்றவர் ஒப்புக்கொண்டால் பிரித்துக்கொள்ளலாம். மறுத்துவிட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை. சில்லறையைச் சொல்லி ஏமாற்றலாம் என்பது ஏட்டுக் கணக்கு. மனிதர்களோ பாதிக்குப் பாதி, அல்லது அதையொட்டிய பங்கைச் சொன்னார்கள். அது நியாய உணர்வாக இருக்கலாம், மற்றவர் மறுத்துவிடுவாரோ என்ற பயமாகவும் இருக்கலாம். பிரித்தறிய வேண்டுமானால் மறுக்கும் உரிமையை எடுத்துவிட வேண்டும். 1986-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் அதைச் செய்தார்கள். 20 டாலரைச் சமமாகப் பிரிக்கலாம், அல்லது தனக்கு 18, முகம் தெரியாதவருக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம். அவர் வாய் திறக்க முடியாது. மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் சமமாகவே பிரித்தார்கள். பிரிப்பவர் வைத்ததே சட்டம் என்பதால் இந்த வகைக்குச் சர்வாதிகாரி ஆட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டது. இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2011-ல் கிறிஸ்டோஃப் எங்கல் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் சராசரியாக 28 விழுக்காட்டை மற்றவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

மனிதருக்கு நியாயத்தின் மீது இயல்பான விருப்பம் இருக்கிறது என்று பலர் முடிவுகட்டினார்கள். சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1994-ல் எலிசபெத் ஹாஃப்மன் குழு, யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஆய்வாளருக்கே தெரியாதபடி ஏற்பாடு செய்தது. அப்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எதுவுமே கொடுக்கவில்லை. பிறர் பார்வைக்கு நாம் எவ்வளவு கட்டுப்பட்டவர்கள் என்பது இதில் தெரிகிறது. ஆனால் வாசகியின் கேள்வி இன்னும் ஆழமானது. தெருவைக் கடக்கும்போது அவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் யாருக்காக அப்படிச் செய்கிறார்?

2007-ல் அமெரிக்காவில் ஜேசன் டானா, ராபர்டோ வெபர், ஜேசன் குவாங் மூவரும் வெளியிட்ட சோதனைக்கு இப்போது வருகிறேன். இங்கே சற்று நிதானமாக நடக்க வேண்டும்.

முதலில் எளிய வடிவம். உங்கள் திரையில் இரண்டு வழிகள். முதல் வழியில் உங்களுக்கு 6 டாலர், வேறோர் இடத்தில் இருக்கும் மற்றவருக்கு 1 டாலர். இரண்டாம் வழியில் ஆளுக்கு 5 டாலர். நீங்கள் ஒரு டாலரை விட்டால் அவருக்கு நான்கு டாலர் கூடும். 19 பேர் விளையாடினார்கள்; 14 பேர் ஆளுக்கு ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கானமன் குழு கண்ட அதே நான்கில் மூன்று பங்கு.

இனி இரண்டாம் வடிவம். உங்களுக்குக் கிடைப்பது முன்போலவே திரையில் தெரிகிறது: முதல் வழியில் 6, இரண்டாம் வழியில் 5. மற்றவருக்குக் கிடைப்பது மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது. அது பழையபடி 1, 5 என்றும் இருக்கலாம். தலைகீழாக 5, 1 என்றும் இருக்கலாம். பூவா தலையா போட்டு அது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. தலைகீழாக இருந்தால் உங்களுக்கு எது நல்லதோ அதுவே அவருக்கும் நல்லது, சங்கடமே இல்லை. எது என்று தெரிந்துகொள்ளத் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் உண்மை தெரியும். அதற்குக் கட்டணமில்லை, காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் அழுத்தினீர்களா என்பது மற்றவருக்குச் சொல்லப்படாது.

விளையாடிய 32 பேரில் 14 பேர் அழுத்தவில்லை.

இந்தப் பதினான்கு பேரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். மற்றவருக்கு நன்மை சேர வேண்டும் என்பது ஒருவருடைய உண்மையான ஆசையென்றால், அவர் பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும். எந்த வழி நன்மை தரும் என்று தெரியாமல் நன்மை செய்ய முடியாதே. சரி, இவர்கள் பணத்தைத் தவிர எதையும் பொருட்படுத்தாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் வடிவத்திலும் இதே அளவினர் ஆறு டாலரை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அங்கே எடுத்தவர்கள் 19 பேரில் ஐந்தே பேர். இரண்டாம் வடிவத்தில், மறைவில் இருந்தது பழைய 1, 5 கணக்குதான் என்ற நிலையில் 16 பேர் இருந்தார்கள். பொத்தானை அழுத்தியவர், அழுத்தாதவர் அனைவரையும் சேர்த்து, அவர்களில் நியாயமான வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் 6 பேர். நான்கில் மூன்றாக இருந்த நியாயம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பண அளவு மாறவில்லை. நடுவில் ஒரு மெல்லிய திரை விழுந்தது, அவ்வளவுதான். அந்தத் திரையை விலக்க ஒரு விரல் போதும்.

ஆக, சிலருடைய விருப்பம் நியாயத்தின் மீதும் இல்லை, பணத்தின் மீது மட்டும் இல்லை. தெரிந்தே ஒருவருக்கு அநியாயம் செய்தவர் என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய விருப்பம். 'தெரிந்தே' என்ற சொல்லில்தான் முழுப் பாரமும் இருக்கிறது.

அதே மூவர் இன்னொரு வடிவத்தையும் செய்தார்கள். பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். இடையில் எந்த விநாடியிலும் கணினி குறுக்கிட்டுத் தானே ஒரு வழியைக் குருட்டாம்போக்கில் எடுத்துவிடலாம். முடிவு யாருடையது என்று மற்றவருக்குத் தெரியாது. அங்கேயும் தாமே தேர்ந்தெடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு டாலர் பக்கம் சாய்ந்தார்கள். பழியைத் தாங்கிக்கொள்ள ஓர் இயந்திரம் கிடைத்தாலே போதுமானதாக இருந்திருக்கிறது.

பிறர் கண்ணுக்கு மட்டும் அஞ்சுபவருக்குப் பொத்தானை அழுத்துவதில் எந்த நட்டமும் இல்லை. அழுத்தியது மற்றவருக்குத் தெரியப்போவதில்லை. பிறகு எதற்கு அஞ்சுகிறார்? இதற்கான அழகான விளக்கத்தின் வேர் ரோலண்ட் பெனாபூ, ழான் திரோல் ஆகியோரின் கோட்பாட்டில் இருக்கிறது. 'நான் எப்படிப்பட்டவன்' என்பது எனக்கே முழுதாகத் தெரியாது. செய்யும் நேரத்தில் எந்த எண்ணம் என்னைத் தள்ளியது என்பது பிற்பாடு மங்கிவிடும். செய்த செயல் மட்டும் நினைவில் நிற்கும். அந்தச் செயலை வைத்துத்தான், அயலாரை எடைபோடுவது போல என்னையும் நான் எடைபோடுகிறேன். முடிவெடுக்கும் 'நான்' ஒருவன். பின்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் 'நான்' இன்னொருவன். முன்னவன் பின்னவனுக்குச் சாட்சியம் தயாரிக்கிறான்.

சாட்சியம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பொத்தானை அழுத்தி, மற்றவருக்கு ஒரு டாலர்தான் என்று பார்த்த பிறகும் ஆறை எடுத்தவருக்குத் தீர்ப்பில் சந்தேகமே இல்லை: சுயநலம். அழுத்தாமல் ஆறை எடுத்தவரின் வழக்கு அப்படியில்லை. அந்தக் கூட்டத்தில் அவசரக்காரர்கள் இருப்பார்கள், கவனிக்காதவர்கள் இருப்பார்கள், உண்மை தெரிந்திருந்தால் ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடியவர்களும் இருப்பார்கள். கூட்டம் கலப்படமானது என்பதால் தீர்ப்பு மென்மையாகிறது. கூட்டத்தில் ஒருவராக நின்றுகொள்ள முடிகிறது, ஆறு டாலரும் கையில் இருக்கிறது. சகரி கிராஸ்மனும் யோயல் வான் டெர் வேலேயும் 2017-ல் இந்தத் தர்க்கத்தை முறையான கணித மாதிரியாக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு வியப்பளிப்பது, இந்த நாடகத்துக்குப் பார்வையாளர் தேவைப்படவில்லை என்பதுதான். நடிப்பவரும் பார்ப்பவரும் ஒரே மண்டைக்குள் இருக்கிறார்கள்.

இந்த விளக்கம் சரியென்றால் ஒன்றை முன்கூட்டியே சொல்லலாம். அறியாமை தானாக நேர்ந்ததாகத் தோன்றும்வரைதான் அது நல்ல சாட்சியம். 'எனக்குத் தெரிய வேண்டாம்' என்று வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வைத்தால் அதன் பலன் குறைய வேண்டும். கிராஸ்மன் இதை 2014-லேயே சோதித்திருந்தார். சும்மா விட்டால் மறைவாகவே இருக்கும் என்ற நிலைக்குப் பதிலாக, பார்க்கிறேன் அல்லது பார்க்கவில்லை என்று இரண்டில் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும் என்று வைத்தார். பார்க்க மறுத்தவர்களின் பங்கு வெகுவாகக் குறைந்தது.

முப்பத்திரண்டு பேரை வைத்து மனித குலத்தைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால்தான் எனக்கு வருத்தம். 2023-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இவ்வகைச் சோதனைகளில் பங்கேற்ற ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வாய்ப்பிருக்கும்போது ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் அறியாமையைத் தேர்ந்தெடுத்தார்கள். தகவல் கண் முன்னே இருந்தபோது பிறருக்கு நன்மை செய்தவர்களின் விழுக்காடு, மறைத்து வைத்தபோது இருந்ததைவிடச் சுமார் 15 புள்ளிகள் கூடுதலாக இருந்தது. பார்க்காதவர் எல்லோரையும் மனச்சாட்சிக்கு ஒளிந்தவர் என்று சொல்லிவிடவும் முடியாது. தன்மதிப்புக்கு வேலையே இல்லாதபடி அமைத்த சோதனைகளிலும் ஒரு பகுதியினர் தகவலைப் பார்க்காமலே போகிறார்கள். சோம்பலுக்கும் கவனமின்மைக்கும் உரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

இத்தகைய மறுபரிசோதனைகளுக்குப் பணம் கிடைப்பது அரிது என்பதை நான் எழுதிக்கொண்டே இருப்பேன். புதிதாக ஒன்றைக் கண்டேன் என்பவருக்கு நிதி கிடைக்கிறது. பழையது உண்மைதானா என்று பார்ப்பவர் கைப்பணத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதன் விலையை நாம் கொடுத்திருக்கிறோம். படிவத்தின் அடியில் அல்லாமல் மேலே கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று 2012-ல் புகழ்பெற்ற ஓர் ஆய்வு சொன்னது. அதிலிருந்த தரவு புனையப்பட்டது என்று தெரிந்து, 2021-ல் அது திரும்பப் பெறப்பட்டது. ஒன்பது ஆண்டுகள்! சுவரில் ஒரு ஜோடிக் கண்களின் படத்தை ஒட்டினால் மக்கள் தாராளமாகக் கொடுப்பார்கள் என்ற கருத்தும் அப்படித்தான் பரவியது. 2017-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத் தாராளம் கூடியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னும் அந்தப் படத்தை மாட்டச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சோதனையில் தோற்ற பிறகும் பிடித்து வைத்திருந்தால் அதற்கு மூடநம்பிக்கை என்றுதான் பெயர், ஆய்விதழில் பிறந்திருந்தாலும்.

வாசகியின் தெருவுக்குத் திரும்புகிறேன். அவருடைய நடைபாதைக்கு மிக நெருக்கமான ஆய்வு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்தது. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி, ஜஸ்டின் ராவ், ஹன்னா டிராக்ட்மன் மூவரும் 2017-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலத்தில் சால்வேஷன் ஆர்மி என்ற அறநிறுவனத்தின் தொண்டர்கள் கடை வாசலில் மணியடித்துக்கொண்டு உண்டியலுடன் நிற்பது வழக்கம். இரண்டு முக்கிய வாசல்கள் உள்ள ஒரு பேரங்காடியில், சில நேரங்களில் ஒரு வாசலில் மட்டும் தொண்டரை நிறுத்தினார்கள், சில நேரங்களில் இரண்டிலும். சில நேரங்களில் அவர் பேசாமல் மணியடித்தார். சில நேரங்களில் 'தயவுசெய்து கொடுங்கள்' என்று முகம் பார்த்துக் கேட்டார்.

வாய்விட்டுக் கேட்டபோது கொடுப்பவர்கள் மிக அதிகமானார்கள். அதே நேரத்தில், தொண்டர் இல்லாத மறுவாசலைத் தேடிப் போனவர்களும் மிக அதிகமானார்கள். இரண்டு வாசலிலும் ஆள் நின்று, சுற்றிப்போக வழியில்லாமல் ஆனபோது உண்டியலில் பணம் கூடியது.

ஆகவே, கடிதம் எழுதிய அம்மையாருக்கு: அருகில் போன நாட்களில் நீங்கள் போட்ட பத்து ரூபாய் நடிப்பில்லை, தெருவைக் கடந்த நாட்களும் கொடுமையில்லை. தூரத்திலேயே பார்த்துவிட்ட அந்த நொடியில் உங்கள் முன் இருந்தது டானாவின் பொத்தான். எதிர்ப்பக்கத்துக்குப் போன நாட்களில் நீங்கள் அதை அழுத்தவில்லை.