நடுக்கடலில் இருப்பது குப்பைத் தீவு அல்ல

"மேலே நடந்தே போகலாமாமே?" கடல்நீர் மாதிரிகளில் நுண்பிளாஸ்டிக்கைப் பிரித்து எண்ணுவது என் வேலை என்று சொன்னதும் பலர் கேட்பது இது. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையில் உள்ள பசிபிக் குப்பைப் பகுதியைத்தான் சொல்கிறார்கள். அது தீவே இல்லை. கப்பலிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் நீலக்கடல்தான் தெரியும். மெல்லிய கண்ணி வலையை நீர்மட்டத்தை ஒட்டி இழுத்து, அகப்பட்டதைச் சல்லடையில் கழுவினால்தான் அந்தப் பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணில் படும். அரிசி அளவில், வெயிலில் வெளிறிப்போய்.

இவற்றை அங்கே சேர்ப்பது காற்றும் பூமியின் சுழற்சியும். வெப்பமண்டலத்தில் வியாபாரக் காற்று மேற்கு நோக்கி வீசுகிறது. அதைத் தாண்டினால் மேலைக்காற்று கிழக்கு நோக்கி. இரண்டுக்கும் நடுவே மேல்நீர் பெரிய வட்டமாகச் சுற்றுகிறது. பூமி சுழல்வதால் அந்த நீர் காற்றின் போக்கிலேயே போகாமல், வட அரைக்கோளத்தில் வலப்பக்கமும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமும் விலகும். விலகுகிற நீர் வட்டத்தின் நடுவில் குவிந்து, மெதுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. மிதக்கும் பிளாஸ்டிக்கால் இறங்க முடியாது, மேலேயே தங்கிவிடுகிறது. பசிபிக்கில் இரண்டு, அட்லாண்டிக்கில் இரண்டு, இந்தியப் பெருங்கடலில் ஒன்று என இப்படி ஐந்து பெருஞ்சுழல்கள் உண்டு.

சரி, அள்ளிவிடலாமே? 2018இல் வெளியான ஆய்வு, பசிபிக் பகுதியின் பரப்பு 16 லட்சம் சதுர கிலோமீட்டர், அதிலுள்ள பிளாஸ்டிக் சுமார் 79,000 டன் என்று மதிப்பிட்டது. வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 கிலோகூட இல்லை. காற்று பலமாக வீசினால் துணுக்குகள் கீழே கலந்துவிடும். அதனால்தான் மாதிரி எடுக்கும்போது காற்றின் வேகத்தையும் குறித்துவைக்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. நீர்மட்டத்தில் மிதந்து வாழும் சிறு உயிர்களையும் அதே நீரோட்டம்தான் அங்கே கொண்டுவருகிறது. அள்ளுகிற வலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே ஆய்வின்படி, அங்குள்ள பிளாஸ்டிக்கில் எண்ணிக்கையில் நுண்துணுக்குகள் 94 சதவீதம். எடையில் 8 சதவீதம்தான். எடையில் ஏறக்குறைய பாதி மீன்பிடி வலைகள். பைகளைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், அறுந்த வலைகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. கிழிந்த வலையைப் படகுக்காரர் கரைக்குக் கொண்டுவந்தால், அதைச் செலவில்லாமல் வாங்கிக்கொள்ள ஒவ்வொரு துறைமுகத்திலும் ஓர் இடம் வேண்டும். துறைமுகத்தில் அது முழு வலை. ஒரே ஆள் கையால் தூக்கிப் போடலாம். சுழலின் நடுவில் இழை இழையாகப் பிரிந்த பிறகு, அதை நான் இடுக்கியால் எடுத்து எண்ணிக்கொண்டிருப்பேன்.