ஈரம் காய்வதற்குள் ஒரு வீடு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில், விராஜுரி பழங்குடி மக்களின் நிலத்தில், தங்கம் தேடி வந்த குடியேறிகள் உருவாக்கிய ஊர்கள் ஹில் எண்டும் கல்காங்கும். 1872ஆம் ஆண்டில் பியூஃபாய் மெர்லின் என்ற ஒளிப்படக்காரரும் அவருடைய இளம் உதவியாளர் சார்லஸ் பேலிஸும் இவ்வூர்களில் வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று படம் எடுத்தார்கள். மரப்பட்டைக் கூரை, கரடுமுரடான பலகைச் சுவர், வாசலில் விறைப்பாக நிற்கும் குடும்பம், மேலே மேகமே இல்லாத வெள்ளை வானம் என்று அப்படங்களில் பல ஒரே சாயலில் இருக்கின்றன. இந்தச் சாயலுக்குப் பாதிக் காரணம் அவர்களுடைய ரசனை என்றால், மீதிக் காரணம் அவர்கள் கையாண்ட வேதியியல்.

ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரத்தகடு முறையே அப்போது வழக்கில் இருந்தது. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்துக் கழுவி, ஈதரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் கரைத்தால் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் கிடைக்கும். அயோடைடு, புரோமைடு உப்புகள் சேர்த்த கொலோடியனைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்துப் பரப்ப வேண்டும். இதற்குக் கை பழகியிருக்க வேண்டும். பிறகு இருட்டறையில் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடங்கள் அமிழ்த்தினால், படலத்துக்குள்ளேயே வெள்ளி அயோடைடும் வெள்ளி புரோமைடும் உருவாகும். இவைதாம் ஒளியை உணர்பவை.

ஒளி பட்ட இடங்களில் முதலில் தோன்றுவது கண்ணுக்குப் புலப்படாத வெள்ளி அணுத்திரள்கள் மட்டுமே. அதன் மேல் இரும்பு சல்பேட் கரைசலை ஊற்றும்போது, தகட்டின் ஈரத்தில் மிச்சமிருக்கும் வெள்ளி நைட்ரேட்டிலிருந்து உலோக வெள்ளி பிரிந்து அந்தத் திரள்களில் படிய, உருவம் தெரிகிறது. தகடு காய்ந்துவிட்டால் வெள்ளி நைட்ரேட் படிகமாக உறைந்துவிடும். கொலோடியனும் இறுகி, கரைசலை உள்ளே விடாது. ஆகவே கொலோடியனைப் பூசுவது முதல், இப்படி உருவத்தை வெளிக்கொணரும் உருத்துலக்கல் வரை எல்லாவற்றையும் ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும். ஈதர் விரைந்து ஆவியாகும் ஆஸ்திரேலியக் கோடையில் அவகாசம் இன்னும் குறைவு. வீட்டைத் தேடிப் போன ஒளிப்படக்காரர் இருட்டறையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது இதனால்தான்.

வானம் வெளுத்திருப்பதற்கும் விளக்கம் உண்டு. இத்தகடு நீல, ஊதா ஒளிக்கே அதிகம் வசப்படும். நீல வானம் மேகத்தைப் போலவே தகட்டில் அழுத்தமாகப் பதிந்துவிடுவதால், கருமையும் வெண்மையும் இடம் மாறும் அச்சுப்படத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாகின்றன. செம்மண்ணும் பச்சை இலையும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருத்துப் போகின்றன. ஒளிபடும் நேரம் நொடிக்கணக்கில் நீண்டதால் குடும்பத்தார் வெயிலில் அசையாது நிற்க வேண்டியிருந்தது. வாலாட்டிய நாய்க்கு இதெல்லாம் தெரியுமா? அது புகைபோலக் கலைந்து பதிந்தது.

இத்தனை தொல்லைக்கும் ஈடாகக் கிடைத்தது நுணுக்கம். இவ்வாறு படியும் வெள்ளித் துகள்கள் பிற்காலப் பிலிமின் துகள்களைவிட மிகச் சிறியவை என்பதால், படத்தைப் பல மடங்கு பெரிதாக்கினாலும் பொரி பொரியாகச் சிதறுவதில்லை.

தங்கச் சுரங்கத்தில் செல்வம் சேர்த்த பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் இவர்களுக்குப் பொருளுதவி செய்தார். 1873இல் மெர்லின் இறந்தபின் பேலிஸ் பணியைத் தொடர்ந்தார். பிறகு மறக்கப்பட்டுப்போன ஏறத்தாழ 3,500 கண்ணாடி நெகடிவ்கள் 1951இல் சிட்னியின் சாட்ஸ்வுட் பகுதியில், ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கிடைத்தன. இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கும் அத்தகடுகளை உயர் தெளிவில் மின்வருடி, கடைச் சன்னலுக்குள் அடுக்கியிருக்கும் சரக்கையும் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் எழுத்துகளையும் படிக்கிறார்கள்.