நிவாரணம் வேறு, மானியம் வேறு

அமெரிக்கப் பண்ணைகளுக்கு 2020-இல் அந்நாட்டு வேளாண் துறை கொடுத்த பணத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘கொரோனா மானியம்’ என்றே எழுதித் தள்ளுகிறார்கள். தவறு. அது ‘ரிலீஃப்’ (நிவாரணம்); ‘சப்சிடி’ (மானியம்) அல்ல.

சொல் வரலாறு சுருக்கமாக: நிவாரணம் வடசொல், விலக்குதல், தடுத்தல் என்று பொருள். (நிவர்த்தி வேறு வேர், இரண்டையும் குழப்ப வேண்டாம்.) மானியமும் வடசொல்தான், மானம், மதிப்பு என்பதிலிருந்து வந்தது. கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் வரியை நீக்கியோ குறைத்தோ விட்ட நிலம் மானியம். பிறகு சட்டமன்றத்தில் ‘மானியக் கோரிக்கை’ என்று துறைக்கான நிதி ஒதுக்கீட்டைக் குறித்தது. உரக்கடையிலோ விலையில் ஒரு பங்கை அரசு ஏற்பதைக் குறித்தது. ஒரு சொல்லுக்கு மூன்று சுமை போதாதா?

மானியத்தின் இயல்பு, அது முன்கூட்டியே தெரியும் என்பது. அமெரிக்க அரசு பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதிக்குமேல் கட்டுகிறதே, அது மானியம். விவசாயி அதை நம்பித்தான் விதைக்கிறார். 2020 ஏப்ரலில் அறிவித்த 1,600 கோடி டாலர் நேரடிப் பணத்தை எந்தப் பண்ணையும் எதிர்பார்த்திருக்க முடியாது. கலிபோர்னியாவின் துலேரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலுக்குப் பேர்போன இடம். உணவகமும் பள்ளியும் மூடியதும் பால் வாங்க ஆளில்லை. அதற்காக வந்தது இடர்ப்பணம்.

சரி, ‘இழப்பீடு’ எனலாமா? சிலர் அப்படியும் எழுதுகிறார்கள். இழப்பை அளந்து தந்தால்தான் இழப்பீடு. இங்கே அளந்தது இழப்பையல்ல, கறந்த பாலை. ஜனவரி முதல் மார்ச் வரை கறந்த ஒவ்வொரு 100 பவுண்டு (சுமார் 45 கிலோ) பாலுக்கும் 4.71 டாலர். அதே அளவை 1.014-ஆல் பெருக்கி, அதற்கு 1.47 டாலர். கூட்டினால் ஏறத்தாழ 6.20. ஏப்ரலில் எத்தனை டேங்கர் சாக்கடையில் கொட்டியது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஏடி-3114 என்ற விண்ணப்பப் படிவத்தில் விவசாயியே அளவை எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. பின்னால் தணிக்கை வந்தால் பால் ரசீதைக் காட்ட வேண்டியிருந்தது. முதலில் 80 விழுக்காடுதான் கைக்கு வந்தது.

உச்சவரம்பு வேறு இருந்தது: ஓர் ஆளுக்கு 2,50,000 டாலர். ஆயிரம் மாடு வைத்திருப்பவர் அந்த மூன்று மாதத்தில் 60,000 நூறு-பவுண்டு கறந்தால் கணக்குப்படி 3,72,000 வரும். வரம்புக்கு மேல் போனது போனதுதான். துலேரியில் ஆயிரம் மாடு பெரிய பண்ணையே இல்லை. இதற்கு இழப்பீடு என்று பெயர் வைத்தால், படிப்பவர் முழு நட்டமும் ஈடாகிவிட்டது என்று நினைப்பார்.

ஆகவே பொது வழக்குக்கு ‘நிவாரணத் தொகை’ போதும். தமிழ்நாட்டில் 2021-இல் அரிசி அட்டைதாரர்களுக்கு இரு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தபோதும் ‘கொரோனா நிவாரணம்’ என்றுதான் வழங்கியது. யாருக்கும் விளங்காமல் போகவில்லை. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் என் வாக்கு ‘இடருதவி’க்கு. ‘துயர்நீக்கம்’ வேண்டாம், துயர் எங்கே நீங்கியது?

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். இந்தப் பணம் வந்த திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ‘ஃபுட் அசிஸ்டன்ஸ்’ இருப்பதால் ‘உணவு உதவித் திட்டம்’ என்று பெயர்த்து, விவசாயிக்கு யாரோ சோறு போட்டதுபோல் ஆக்கிவிட்டார்கள். உணவுப் பெட்டி வழங்கத் தனியே 300 கோடி டாலர் ஒதுக்கியதால் குழப்பம் இரட்டிப்பு. ‘பண்ணை இடருதவி’ என்று பொருளைச் சொல்லிவிடலாம்.

அதைவிடக் கொடுமை, ‘ஃபர்கிவன் லோன்’ என்பதை ‘மன்னிக்கப்பட்ட கடன்’ என்று பெயர்ப்பது. கடன் என்ன குற்றமா, மன்னிக்க? அமெரிக்க அரசின் கொரோனாக் காலச் சம்பளப் பாதுகாப்புக் கடனாகப் பண்ணைகள் வாங்கியதில் குறைந்தது 60 விழுக்காட்டைச் சம்பளத்துக்குச் செலவிட்டிருந்தால் முழுவதும் தள்ளுபடி கேட்க முடிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்த எவருக்கும் தெரிந்த சொல் ‘தள்ளுபடி’. தள்ளுபடி ஆகாத பகுதி 1 விழுக்காடு வட்டியில் கடனாகவே நின்றது.