மூன்று கண்ணாடி மாற்றியும் தீராத தலைவலி

போன வாரம் 26 வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றிவிட்டார். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, சில மாதங்களில் எடையும் வேகமாகக் கூடியிருக்கிறது. விடியும்போதே தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி. குனிந்து நிமிர்ந்தால் சில நொடி பார்வை இருட்டிவிடும். "பவர் ஏறியிருக்கும் டாக்டர்" என்றார் உடன் வந்த அம்மா. சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தேன். இரண்டு பார்வை நரம்பும் வீங்கியிருந்தன. மண்டைக்குள் நீரழுத்தம் ஏறியதன் அடையாளம் அது. இந்த வருடம் இவர் நான்காவது ஆள்.

தயவுசெய்து கேளுங்கள். பவர் மாறினால் வரும் தலைவலி, படித்து, திரை பார்த்துக் களைத்த பிறகு சாயங்காலம் நெற்றியில் லேசாக வரும், ஓய்வெடுத்தால் போய்விடும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலிக்குக் கண்ணாடி காரணமில்லை. "எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படிச்சேனே" என்பார்கள். நரம்பு வீங்கினாலும் நடுப்பார்வை வெகுநாள் தெளிவாகவே இருக்கும். முதலில் தேய்வது ஓரப்பார்வை. கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டர் பவரைத்தான் அளக்கும், நரம்பைப் பார்க்காது.

எல்லாருக்கும் இதே காரணம் என்று பயப்பட வேண்டாம். மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னால் தொடங்கும் ஒற்றைத் தலைவலி ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் வருவது. மாதவிடாய் நிற்கும் வயதில் கண் உலர்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தும். தைராய்டு அதிகமாகிக் கண் சிவந்து முன்தள்ளினால் அது வேறு சிகிச்சை. அவர்கள் வீட்டில் யாரும் புகைக்கவே கூடாது. மாதவிடாய் நின்று, குழந்தை பெறாதவருக்கு மார்பில் பால் கசிந்தால், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் அளவை ரத்தத்தில் பாருங்கள். அதைச் சுரக்கும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வந்தால் பார்வை நரம்பை அழுத்தலாம். புரோலாக்டின் சுரக்கும் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

அந்தப் பெண் முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதுவும் மண்டை அழுத்தத்தை ஏற்றும், பருவுக்கே தரும் ஐசோட்ரெடினாயினும் அப்படியே. மாதவிடாயைச் சீராக்கும் ஹார்மோன் மாத்திரையால் மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளில் ரத்தம் உறைவதும் உண்டு. அதனால்தான் எம்ஆர்ஐ எடுக்கும்போது சிரைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால் அதுவே தலைவலியை நிரந்தரமாக்கும். பார்வை இருட்டினால், இரட்டையாகத் தெரிந்தால், காதில் நாடித்துடிப்பு கேட்டால் அன்றே வாருங்கள். தோல் டாக்டர், மகப்பேறு டாக்டர் கொடுத்த சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். வண்டி ஓட்டி வர வேண்டாம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத்தான் இருக்கும்.