காது மெஷின் மாட்டியாச்சு, வகுப்பில் கேட்கிறதா?

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் நான். பள்ளிக்கூடம் போனால் முதல் வேலையாகப் பிள்ளையின் காது மெஷினில் பேட்டரிக் கதவைத் திறந்து பார்ப்பேன். பல நேரம் பேட்டரி தீர்ந்திருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. "மாட்டித்தானே இருக்கான், கூப்பிட்டா ஏன் சார் திரும்ப மாட்டேங்கிறான்?" என்பார் டீச்சர். அவர் மேல் தப்பில்லை. மெஷினைக் கொடுத்தவர்கள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவருக்கு யாரும் சொல்லவில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்களுக்குப் பெரும்பாலும் 13 அல்லது 675 எண் பேட்டரி. முன்னதற்கு ஆரஞ்சு ஸ்டிக்கர், பின்னதற்கு நீலம். ஸ்டிக்கரைப் பிய்த்த பிறகு காற்று உள்ளே போனால்தான் பேட்டரி உயிர்பெறும். ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள்.

மெஷின் கீச்சென்று விசிலடித்தால் வால்யூமைக் குறைத்துவிடுகிறார்கள். விசிலுக்குக் காரணம் பெரும்பாலும் மோல்டுதான், அதாவது மெஷினின் டியூபோடு சேர்ந்து காதுக்குள் பொருந்தும் அச்சு. பிள்ளை வளர வளரக் காதும் வளரும். போன வருஷ மோல்டு தளர்ந்து, இடுக்கு வழியே கசியும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போகும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இதே கதைதான். வால்யூமைக் குறைத்தால் விசில் நிற்கும், கூடவே பாடமும் நின்றுவிடும்.

தினமும் முதல் பீரியடுக்கு முன் இதைச் செய்யுங்கள். பிள்ளைக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், வரிசையை மாற்றி மாற்றி ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கேட்டதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பிப்பதில் வல்லுநரான டேனியல் லிங் வகுத்த சோதனை இது. பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இந்த ஆறுக்குள் வந்துவிடும். எது கேட்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நேற்று 'ஷ்' சொன்னவன் இன்று திருதிருவென விழித்தால் பேட்டரி, மோல்டு, டியூபில் கோத்த வியர்வை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் சேர்ந்திருக்கலாம்.

தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். ஃபேன் சத்தம், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு எல்லாவற்றையும் மெஷின் சேர்த்தே பெரிதாக்கும். இரைச்சலைவிட டீச்சர் குரல் 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. கடைசி பெஞ்சில் அதற்கு வழியே இல்லை. போர்டைப் பார்த்தபடி பேசினால் முதல் பெஞ்சிலும் உதடு தெரியாது.

இதற்குத்தான் எஃப்எம் கருவி: டீச்சர் கழுத்தில் மைக், மெஷினில் ரிசீவர். விலை அதிகம். கிடைத்த பள்ளிகளில், ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையும்முன் மைக்கை அணைத்துவிடுங்கள். உங்கள் அரட்டை அத்தனையும் அவன் காதுக்குத்தான் போகும்!

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தரச் சொல்கிறது. கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு மெஷின் கேட்டு எழுதும்போதே புது மோல்டையும் பேட்டரியையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.